பொருள்: ‘கைடு பார்’, ‘பார் ஆயில்’ — தமிழில் என்ன எழுதலாம்?

அன்பு நண்பர்களே,

சங்கிலி ரம்பக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். நாளை மாலை அச்சுக்குப் போக வேண்டும். ‘சங்கிலிக்கு எண்ணெய் வராவிட்டால்’ என்ற பக்கத்தில் நிற்கிறேன்.

சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தட்டை இரும்புதான் கைடு பார். விளிம்பு நெடுக ஒரு காடி (நீளப் பள்ளம்), அடியில் சின்னதாக ஓர் எண்ணெய்த் துளை. இரண்டிலும் மரத்தூள் எண்ணெயோடு குழைந்து இறுகிவிட்டால் சங்கிலி வறண்டு ஓடும், விளிம்பு சூடேறி நீலம் பாயும். இப்போதைக்குக் கைடு பாருக்கு ‘வழிச்சட்டம்’, பார் ஆயிலுக்கு ‘சட்ட எண்ணெய்’, லூப்ரிகேஷனுக்கு ‘உயவு’ என்று வைத்திருக்கிறேன். சரியா?

மறு:

> சட்ட எண்ணெய்

இது வேண்டாம் தம்பி. சட்டப்படி ஊற்ற வேண்டிய எண்ணெய் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ‘வழிப்பட்டை’ எழுதலாமே.

மறு: மறு:

மரம் வெட்டுகிற கருவியில் பட்டையா? ‘பட்டையைத் துடைக்கவும்’ என்றால் மரப்பட்டை என்று நினைப்பார்கள். கத்தியின் அலகு, பறவையின் அலகு என்கிறோம். ‘வழியலகு’ என் பரிந்துரை.

‘உயவு’ எனக்கு ஒப்பவில்லை. புறநானூறு 246இல் ‘உயவற் பெண்டிரேம் அல்லேம்’ என்று வருகிறது. அங்கே உயவல் வருத்தம். வருத்தத்தைப் போக்கும் எண்ணெய்க்கு வருத்தத்தின் பெயரையே வைப்பதா? வண்டி அச்சுக்கு இட்ட மசகு இருக்கிறது. மசகு, மசி, மை மூன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்பது என் துணிபு. எழுதுகிற மசியும் கண்ணுக்கு இடும் மையும் வழுவழுப்பும் கருமையும் உள்ளவைதானே. இதைத் தனி மடலாக விரித்து எழுதுகிறேன்.

மறு: மறு: மறு:

ஐயா, வருந்துகிற உயவு வேறு. உய்த்தல் என்றால் செலுத்துதல். தடையில்லாமல் செலுத்துவது உயவு என்று ஏன் கொள்ளக் கூடாது? நாற்றம் ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது, இன்று அந்தப் பொருளில் எழுத முடியுமா? பொறியியல் பாடநூல்களில் உயவு ஊன்றிவிட்டது. அதைப் பிடுங்காதீர்கள்.

மறு: மறு: மறு: மறு:

பல வருடமாக இந்த ரம்பத்தைப் பிடிக்கிறேன், அதனால் சொல்கிறேன். ‘மசகு இடவும்’ என்று அச்சடித்தால் கிரீஸை அப்புவார்கள். கிரீஸ் அந்தத் துளை வழியே போகாது. சில பார்களின் மூக்கில், அதாவது முனையில், சிறு பல்சக்கரம் உண்டு, கிரீஸ் அதற்குத்தான். ஆகவே மசகை அங்கே வையுங்கள். தொட்டியில் ஊற்றுவது ‘சங்கிலி எண்ணெய்’. அது ஒட்டும் தன்மையுள்ள எண்ணெய். வேறு இளக்கமான எண்ணெயை ஊற்றினால் மூக்கில் திரும்பும்போதே சிதறிப்போகும்.

சோதனையையும் எளிய சொல்லில் எழுதுங்கள். வெளிறிய அடிமரத்துக்கு மேலே முனையைத் தொடாமல் பிடித்து முடுக்கினால், மரத்தில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழவில்லையென்றால் காடி, துளை, தொட்டியின் வடிகட்டி, மூடியின் காற்றுவழி, இந்த வரிசையில் பாருங்கள். பெட்ரோல் தீர்ந்தும் எண்ணெய்த் தொட்டி நிறைந்தே இருந்தால் அன்றைக்கெல்லாம் சங்கிலி வறண்டு ஓடியிருக்கிறது. இதைப் படிப்பவர் கையில் ஓடுகிற ரம்பம் இருக்கும். வேரை ஆராய அவருக்கு நேரமில்லை.

மறு: மறு: மறு: மறு: மறு:

நன்றி. ‘சங்கிலி எண்ணெய்’ போட்டுவிட்டேன். மசகு மூக்குச் சக்கரத்துக்கு மட்டும். உயவு தலைப்பில் ஒரே இடத்தில் நிற்கும். பாருக்கு நால்வர் ‘வழியலகு’ என்றார்கள். முதல் முறை வரும்போது ‘பார் எனப்படும் வழியலகு’ என்று எழுதுகிறேன்.

மறு: மறு: மறு: மறு: மறு: மறு:

அதே கையேட்டின் அளவைப் பட்டியலில் ‘அலகு: மி.மீ.’ என்று இருக்குமே, அங்கே என்ன செய்வீர்கள்? எனக்கு இன்னும் ‘வழிப்பட்டை’தான்.