எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்கு எண்ணெயா, கிரீஸா? தில்லிப் புழுதிக்கு எது சரி?

காவல்_தம்பி: ஊர் நெல்லை. தில்லியில ஆயுதக் காவல் டியூட்டி, கையில எஸ்.எல்.ஆர். (சுட்டதும் தானா அடுத்த தோட்டாவை ஏத்திக்கிற ரைபிள்). போன வாரம் சாயங்காலம் ஆந்தி, அதாவது புழுதிப்புயல், அடிச்சுது. டியூட்டி முடிஞ்சு பிரிச்சுப் பார்த்தா, ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் ஓடுற இரும்புப் பாகம்) ஓடுற தடத்துல எண்ணெயும் புழுதியும் குழைஞ்சு கறுப்பா அப்பியிருக்கு. விரல்ல தேய்ச்சா நறநறங்குது. கூட இருக்கறவர், எண்ணெயை விட்டுட்டு பேரிங் கிரீஸ் தடவுங்கறார். எது சரிண்ணே?

பட்டறைக்காரன்: கரோல் பாக்குல பைக் பட்டறை வெச்சிருக்கேன். உங்க கூட இருக்கறவர் சொல்றதுதான் சரி. மே மாசம் 45 டிகிரி வெயில்ல மெல்லிய எண்ணெய் வழிஞ்சு போயிடும், கிரீஸ் நிக்கும். அமெரிக்காவோட எம்1 கேரண்டும் தானா அடுத்த தோட்டாவை ஏத்துற ரைபிள்தான். மழையில எண்ணெய் கழுவிட்டுப் போகுதுன்னு அதுக்கு கிரீஸ்தான் தந்தாங்க.

பழைய_ஹவில்தார்: கேரண்ட் கதை உண்மைதான் தம்பி. ஆனா அது மழைக்குக் கண்ட வழி. இங்க எதிரி புழுதி. கிரீஸ்ல ஒட்டுன மணல் உதிராது, இரும்பை அராவிக்கிட்டே இருக்கும். வால்வு தேய்க்கிற பேஸ்டை உங்க பட்டறையில பார்த்திருப்பீங்களே, அதேதான். பிரிட்டிஷ்காரங்க பாலைவனத்துல சோதிச்சுட்டு, அவங்க எல்1ஏ1-ல (இதே எஸ்.எல்.ஆரோட பிரிட்டிஷ் வடிவம்) மணல் ஒதுங்கறதுக்கு ஸ்லைடுலயே வரி வெட்டுனாங்க. அவங்க பிரச்சினையும் புழுதிதான்.

காவல்_தம்பி, நீங்க எண்ணெயை நிறைய ஊத்தியிருக்கீங்க. ஸ்லைடு தடத்துலயும், பிரீச் பிளாக் (தோட்டாவுக்குப் பின்னாடி அடைக்கிற இரும்புக்கட்டை) ஸ்லைடோட உரசுற இடத்துலயும் ஒரு சொட்டு விட்டு, கிழிசல் துணியால ஒத்தி எடுங்க. பளபளப்பு இருக்கணும், விரல்ல ஈரம் தெரியக்கூடாது. கேஸ் சிலிண்டரும் (சுடும்போது வர்ற வாயு போற குழாய்) அந்த வாயு தள்ளுற பிஸ்டனும் சுத்தமா, காய்ஞ்சு இருக்கணும். அங்க எண்ணெய் விட்டா சூட்டுல கருகிக் கார்பனா இறுகிடும். அப்புறம் பிஸ்டன் முழு வேகத்துல வராது, அடுத்த தோட்டா ஏறாது. உடனே கேஸ் ரெகுலேட்டரை (அந்த வாயுவைக் கூட்டிக் குறைக்கிற திருகு) திருகாதீங்க, முதல்ல அழுக்கை எடுங்க. சுடறதுக்கு முன்னாடி புல்த்ரூவை (நுனியில துணி கட்டின கயிறு) இழுத்து துப்பாக்கிக் குழலோட உள்பக்கத்தையும் காய வெச்சிடணும்.

ராமகிருஷ்ணாபுரம்_வாசி: டபிள்யூ.டி.-40 அடிச்சா போதாதா? எல்லாத்துக்கும் அதானே.

பழைய_ஹவில்தார்: பெயரே சொல்லுதே, டபிள்யூ.டி.ன்னா 'வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட்', அது ஈரத்தை விரட்டச் செஞ்சது. மழையில நனைஞ்ச ஆயுதத்தைத் துடைக்க உதவும். உராய்வு தாங்கற படலம் அதுல நீடிக்காது. தோட்டா மேல பட்டா உள்ள கசிஞ்சு பிரைமரை (தோட்டா அடியில மருந்தைப் பத்த வைக்கிற பொருள்) கெடுக்கலாம், எந்த எண்ணெயா இருந்தாலும் அப்படித்தான்.

பட்டறைக்காரன்: பேஸ்ட் உதாரணம் சரிதான், மறுக்கல. ஆனா ஜனவரிப் பனிமூட்டத்துல ராத்திரி முழுக்க நிக்கறவனுக்கு ஒத்தி எடுத்த படலம் துருவைத் தடுக்குமா? கோத்ல (ஆயுதக் கிடங்கு) மாசக்கணக்கா கிடக்கற ஆயுதத்துக்கு கனமானதுதான் வேணும்.

பழைய_ஹவில்தார்: கோத்ல கிடக்கறதுக்கு சரி, அதுல நமக்குள்ள சண்டையே இல்ல. கையில இருக்கறதுக்கு இல்ல. பனிக்காலத்துல கனமானது குளிர்ல இன்னும் இறுகும். வெளிப்பக்க இரும்பை மட்டும் டியூட்டி முடிஞ்சதும் எண்ணெய்த் துணியால துடைக்கட்டும்.

பட்டறைக்காரன்: வேலை முடிஞ்சு தூங்க ஓடறவன் தினமும் துடைப்பானா? அதுக்குத்தான் நான் கனமானதைச் சொன்னேன்.

காவல்_தம்பி: துடைப்பேண்ணே. நேத்து பழையதெல்லாம் வழிச்சு எடுத்துட்டு ஒரே சொட்டு விட்டேன். கையால இழுத்துப் பார்த்தா அந்த நறநற சத்தம் இல்ல. ஆயுதம் பழுதுபார்க்கிற ஆர்மரர்கிட்டயும் காட்டிட்டேன், இப்படியே வெச்சுக்கன்னார். அடுத்த ஆந்திக்கு அப்புறம் பிரிச்சுப் பார்த்துட்டு இங்கயே எழுதறேன்.