பில்லில் மாறிய கேபின் ஃபில்டர்

கார் ஏசியை நாலாம் நம்பரில் வைத்தாலும் சத்தம்தான் வந்ததே தவிர காற்று வரவில்லை. கேஸ் குறைந்திருக்கும் என்றார்கள். குளிர்ச்சி நன்றாகத்தான் இருந்தது, முகத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். மழை நாளில் முன் கண்ணாடியில் படியும் ஆவி கலையவும் வெகுநேரம் பிடித்தது. வண்டிக்கு 11 வயது. காருக்குள் வரும் காற்றில் தூசியை வடிகட்டும் கேபின் ஃபில்டர் மேல் சந்தேகம் வந்தாலும், சர்வீஸ் பில்லில் இரண்டு தடவை ‘மாற்றப்பட்டது’ என்று இருந்ததால் அதை விட்டுவிட்டேன்.

என் வண்டியில் அது ஆக்சிலரேட்டர் பெடலுக்குப் பக்கத்தில், நடு கன்சோலின் பக்கச் சுவரில் ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் இருக்கிறது. டிரைவர் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, தலையைப் பெடல் பக்கம் கொடுத்து மல்லாக்கப் படுத்தால்தான் அந்த மூடியே கண்ணில் படும். மூன்று ஸ்குரூ. இரண்டு ஒழுங்காக வந்துவிட்டன. மூன்றாவது ஒயர் கட்டுக்குப் பின்னால். குட்டை ஸ்குரூடிரைவரால் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி ஒருவழியாகக் கழற்றினால், அது கார்பெட்டுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. (மஞ்சள் நிற ஒயரோ கனெக்டரோ தெரிந்தால் கை வைக்காதீர்கள். அது ஏர்பேக்குக்கு உரியது.)

மூடியைத் திறந்து, தெரிந்த ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். ஓரம் மட்டும் பிய்ந்து கையோடு வந்தது. அப்புறம் நோஸ் பிளையரால் சட்டத்தைக் கவ்வி, மடித்து மடித்து இழுக்க, பழைய கம்பளித் துண்டு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்று வெளியே வந்தது. மடிப்பெல்லாம் தூசியில் மூடிப்போய், நடுவே காய்ந்த இலைக்காம்புகளும் ஒரு விட்டிலின் இறக்கையும். சட்டத்தைத் துடைத்துப் பார்த்தேன். அச்சிட்டிருந்த தேதி, வண்டி தயாரான அதே வருஷம்.

கோபம் வந்தது உண்மைதான். ஆனால் முக்கால் மணி நேரம் அங்கே தலைகீழாகக் கிடந்தவன் என்ற முறையில், ஏன் யாரும் மாற்றவில்லை என்பதும் புரிந்தது.

புதியதைப் போடும்போது அம்புக்குறியைப் பாருங்கள், அது காற்று போகும் திசையில் இருக்க வேண்டும். விசிறி போல மடித்துச் செருகியதில் முதல் தடவை ஒரு மூலை மடங்கியே உட்கார்ந்துவிட்டது. அப்படியே விட்டால் தூசி அந்த இடுக்கு வழியாக வந்துவிடும் என்று உருவி மறுபடி போட்டேன். இப்போது இரண்டாம் நம்பரே போதுமாக இருக்கிறது.

*

இன்னொருவர் அனுபவம்: என் வண்டியில் ஃபில்டர் கிளவ் பாக்ஸுக்கு (முன் சீட்டுக்கு எதிரே சாமான் வைக்கும் பெட்டி) பின்னால்தான், சுலபமான வேலை என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். பெட்டியின் இரண்டு பக்கச் சுவரையும் உள்பக்கமாக அமுக்கினால் தடுப்பு விடுபட்டு முழுக்கக் கீழே இறங்கும். அதற்கு முன் ஓரத்தில் இருக்கும் சின்னக் கம்பியைக் கழற்ற வேண்டும். பெட்டி மெதுவாக இறங்குவது அதனால்தான். நான் கழற்றாமல் இழுத்து ஒடித்தேன். இப்போது திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் மடியில் கொட்டுகிறது.

அதோடு முடியவில்லை. ஃபில்டரைச் சாய்த்து உருவியதில் மேலே கிடந்த குப்பை, காற்றை ஊதும் விசிறியான புளோயருக்குள் விழுந்துவிட்டது. அன்று மாலையே டிக் டிக் டிக். புளோயர் மோட்டாரைக் கழற்றினால் உள்ளே ஒரே ஒரு இலை. ஆகவே அவசரப்படாமல், தட்டைக் கவிழ்க்காமல் எடுப்பது போல நேராக உருவுங்கள். பழையதையே கழுவிப் போடலாமா என்று என் தம்பி கேட்டான். பேப்பர் ஃபில்டர் நனைந்தால் உருக்குலைந்துவிடும், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

*

மூன்றாமவர் அனுபவம்: நான் ஃபில்டரை முதலில் வாங்கிவிட்டு அப்புறம்தான் மூடியைத் தேடினேன். மூடியே இல்லை. ஃபில்டர் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் சுவர், அதில் செவ்வகமாக ஒரு கோடு. விலை குறைந்த மாடல்களில் ஃபில்டர் வைக்காமல் அந்த வாயை மூடியே அனுப்பியிருக்கிறார்கள். கோட்டின் மேலேயே கத்தியால் வெட்டி எடுத்து, தனியாக ஒரு மூடி வாங்கிப் பொருத்தினேன்.

வீட்டுக்கு வந்து பழைய பில்களைப் புரட்டினேன். ‘கேபின் ஃபில்டர் சுத்தம் செய்யப்பட்டது.’ ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.