செம்புக் கம்பி உடைகிறது என்று கேட்டிருந்தேனே: புதுப்பிப்பு

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: காதணிக்குச் சுருள் வளைக்கும்போது செம்புக் கம்பி பட்டென்று உடைகிறது, சால்டர் (துண்டுகளை இணைக்க உருக்கி ஊற்றும் உலோகக் கலவை) ஒட்டாமல் உருண்டு விழுகிறது என்று. இரண்டும் தீர்ந்தன.

கம்பியைக் குறை சொன்னது என் தப்பு. வளைக்க வளைக்கச் செம்பு இறுகும். நானோ இறுகிய இடத்தையே திரும்பத் திரும்ப நிமிர்த்திக்கொண்டிருந்தேன். இப்போது கைக்கு முரண்டு தெரிந்ததுமே நிறுத்தி, அறை விளக்கை அணைத்துவிட்டு, மங்கலான சிவப்பு வரும்வரை டார்ச் தீயில் காட்டுகிறேன்; கம்பி மறுபடி மென்மையாகிவிடும். வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது; அப்படித்தான் ஒரு மெல்லிய கம்பியை உருக்கியே விட்டேன்! சூட்டோடு தண்ணீரில் போடலாம், எஃகு மாதிரி இறுகாது. கறுப்புப் படலம் வெதுவெதுப்பான சிட்ரிக் அமிலக் கரைசலில் கழன்றுவிடும். அதில் இரும்பு இடுக்கியை மட்டும் விடாதீர்கள், உருப்படி மேல் செம்பு பூச்சு ஏறிவிடும்.

சால்டர் விஷயம் எளிது. உப்புத்தாளால் தேய்த்து, ஃபிளக்ஸ் (சூட்டில் படலம் படியாமல் தடுத்து, சால்டர் பரவ உதவும் பொருள்) தடவி, சால்டரை அல்ல, கம்பியைச் சூடாக்க வேண்டும். தோலில் படுவதால் ஈயமில்லாததே வாங்கினேன். அது ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸில் உருகும். அதனால் மென்மையாக்கும் வேலையெல்லாம் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒட்டிய பிறகு சிவக்கக் காய்ச்சினால் இணைப்பு போச்சு.

மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியை இதற்குப் பயன்படுத்தலாமா என்று கேட்டவருக்கு: அதன் மேலுள்ள எனாமல் பூச்சை எரிக்காமல் சுரண்டி எடுங்கள், புகை நல்லதில்லை.

அப்புறம், இரண்டு சுருளும் இன்னும் ஒரே அளவில் வரவில்லை.