பொருள்: இன்டர்ஃபெரான் – ‘நச்சுயிர்க்கொல்லிப் புரதம்’ சரிதானா?

அன்புடையீர்,

வெள்ளணுக்கள் சுரக்கும் புரதங்கள் எல்லாவற்றுக்கும் ‘நச்சுயிர்க்கொல்லிப் புரதம்’ என்ற தமிழ்ச்சொல்லே போதும் என்று இந்த மடல் இழையில் வந்த பரிந்துரை இன்டர்ஃபெரானுக்குப் பொருந்தாது. செல்கள் சுரக்கும் இந்தப் புரதம் நச்சுயிரியை (வைரஸை) தொடுவதே இல்லை. செல்லின் ஏற்பியில் (வெளிச்செய்தியை வாங்கும் புரதத்தில்) ஒட்டி, செல்லைத்தான் தயார்ப்படுத்துகிறது. பிறகு நச்சுயிரி நுழைந்தால் பி.கே.ஆர். நொதி புரத ஆக்கத்தை நிறுத்தும்; ஆர்.என்.ஏஸ்-எல் என்ற இன்னொரு நொதி ஆர்.என்.ஏ.வை நறுக்கிவிடும். 1957இல் லண்டன் மில் ஹில் ஆய்வகத்தில் அறிவியலர் ஐசக்ஸும் லிண்டன்மனும் பார்த்தது இதைத்தான்: சூடாக்கிச் செயலிழக்கச் செய்த ஃப்ளூ நச்சுயிரி, கோழிக்கருச் சவ்வில் உயிருள்ள நச்சுயிரியின் பெருக்கத்தில் குறுக்கிட்டது. இயற்பியலில் ‘குறுக்கீடு’ (interference) ஏற்கெனவே வேரூன்றிய சொல். எனவே ‘குறுக்கீட்டுப்புரதம்’.

> எனவே ‘குறுக்கீட்டுப்புரதம்’

ஐயா, உடன்படுகிறேன். வினைத்தொகையாகக் ‘குறுக்கிடுபுரதம்’ என்றால் நாவுக்கு எளிது. இன்டர்ஃபெரானின் வகைப்பெயர்களான ஆல்பா, பீட்டா, காமா முன்னால் இடறாமல் நிற்கும்.

ஆனால் ‘கொல்லி’யை அடியோடு தள்ள வேண்டாம். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகையின் துகள்களிலுள்ள ஆல்பா டிஃபென்சின்கள் (ஏறத்தாழ 30 அமினோ அமிலம் கொண்ட சிறு புரதங்கள்) ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் நச்சுயிரியை நேரடியாகவே செயலிழக்கச் செய்கின்றன. எது எந்த வகை என்று சோதனையே சொல்லிவிடும். புரதத்தைச் செல்லோடு ஓரிரவு வைத்து, நன்கு கழுவி, பின் நச்சுயிரியை இடுங்கள். அப்போதும் செல் தப்பினால் குறுக்கிடுபுரதம். ஆக்டினோமைசின்-டி சேர்த்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், புது ஆர்.என்.ஏ. உருவாகாததால். டிஃபென்சினுக்கோ, நச்சுயிரியோடு நேரே கலந்து, நீர்த்து, எஞ்சியதை எண்ண வேண்டும். செல் வளர்ப்பு ஊடகத்தில் சீரம் இருந்தால் சோதனை கெட்டது: சீரத்திலுள்ள ஆல்புமின் புரதம் டிஃபென்சினை முடக்கிவிடும், ‘வேலை செய்யவில்லை’ என்று தவறாக எழுதிவிடுவோம்.

இன்னொன்று: அகராதியில் ‘வெள்ளணுக் குறுக்கிடுபுரதம்’ (leukocyte interferon) என்று தனிப் பதிவு போடுவதானால் ‘பழைய வழக்கு’ என்று குறியுங்கள். ஹெல்சிங்கியில் ஆய்வாளர் காரி கான்டெல், தானக் குருதியின் வெள்ளணுப் படலத்தை எடுத்து, சிவப்பணுக்களை அம்மோனியம் குளோரைடால் உடைத்து, சென்டாய் நச்சுயிரியால் தூண்டித் தயாரித்தது பெரும்பாலும் ஆல்பா வகை. அதுவும் ஒரே புரதமன்று, பல துணைவகைகளின் கலவை. எஞ்சிய சென்டாயை ஒழிக்க பி.எச். 2 என்ற கடும் அமிலத்தில் வைத்தால் ஆல்பா தாங்கும் (பீட்டாவும் அப்படியே), காமா சிதையும். ஆகவே பதிவில் ‘அமிலம் தாங்கும்’ என்பதை ஆல்பாவுக்கும் பீட்டாவுக்கும் மட்டும் எழுதுக. பொதுத்தலைப்பின் கீழ் வேண்டாம்.