அமெரிக்கா சீன பலூனைச் சுட்டது முறையா?

தெற்குவாசல்:
2023 பிப்ரவரி 4 அன்று, தென் கரோலினா கடற்கரைக்கு அப்பால் ஏறத்தாழ 60,000 அடி உயரத்தில் மிதந்த சீன பலூனை, அமெரிக்காவின் எஃப்-22 போர் விமானம் ஒரே ஏவுகணையில் வீழ்த்தியது. அது உளவு பலூன் என்றது அமெரிக்கா; வானிலை ஆய்வுக்கான பலூன் என்றும், மேலைக்காற்று அதைத் திசை தப்பச் செய்துவிட்டது என்றும் சீனா விளக்கியது. ஆளும் இல்லாத, ஆயுதமும் இல்லாத ஒன்றைச் சுட்டது மிகையான செயல் என்பது என் கருத்து.

மேகலை:
நண்பரே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளியில் முழு இறையாண்மை உண்டு என்பதே பன்னாட்டு வான்போக்குவரத்துக்கான 1944 சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவு. காற்றின் மேல் பழி போடுவதை ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். ஜனவரி 28இல் அலாஸ்காவுக்குள் நுழைந்த பலூன், கனடாவைக் கடந்து, அணு ஏவுகணைகள் நிலத்தடியில் நிற்கும் மொன்டானா வரை வந்து, பில்லிங்ஸ் நகர மக்கள் அண்ணாந்து பார்த்துப் படம் பிடித்த பிறகும், அமெரிக்கா பிப்ரவரி 2இல் செய்தியை வெளியிட்ட பிறகே சீனா வருத்தம் தெரிவித்தது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு அடுத்தவர் வயலில் இறங்கினால், உடையவர்தானே முதலில் ஓடிவந்து சொல்ல வேண்டும்?

தெற்குவாசல்:
அந்த மாட்டை முதலில் அவிழ்த்துவிட்டவர் யார்? 1956இல் ‘ஜெனெட்ரிக்ஸ்’ திட்டத்தில், புகைப்படக் கருவிகள் கட்டிய நூற்றுக்கணக்கான பலூன்களை வானிலை ஆய்வு என்ற பெயரில் சோவியத் வான்வெளிக்குள் மிதக்கவிட்டது அமெரிக்காதான். விழுந்தவற்றைச் சோவியத் அரசு மாஸ்கோவில் காட்சிக்கு வைத்தது. சீன பலூனோ, அமெரிக்காவுக்கு மேலே பறந்தபோது தகவல் எதையும் திரட்டவில்லை என்று 2023 ஜூனில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையான பென்டகனே சொல்லிவிட்டது.

காற்றாடி:
யார் ஒற்றர் என்பதைவிட, சுடும் பழக்கம்தான் எனக்கு அச்சம் தருகிறது. 1995இல் கோர்டன் பென்னட் பலூன் போட்டியில் பறந்த அமெரிக்கர் இருவரை பெலாரஸ் ஹெலிகாப்டர் சுட்டுக் கொன்றது. சீன பலூன் விழுந்த அடுத்த வாரத்தில் அலாஸ்கா, யூக்கான், ஹியூரன் ஏரி ஆகிய இடங்களில் வீழ்த்தப்பட்ட மூன்று பொருள்களும் பெரும்பாலும் தனியாருடையவையாகவோ ஆய்வுக்கானவையாகவோ இருக்கலாம் என்று அதிபர் பைடனே பின்னர் கூறினார். (ஹியூரன் ஏரியில் முதல் ஏவுகணை குறி தவறியது என்பதையும் மறக்க வேண்டாம்.)

மேகலை:
காற்றாடியின் அச்சம் நியாயமானது. அந்த மூன்றையும் நான் ஆதரிக்கவில்லை. தெற்குவாசல் சொன்ன 1956 குற்றச்சாட்டும் உண்மையே, ஆனால் அன்று சோவியத் நாடு எழுப்பிய கண்டனம் சரி என்றால் இன்று அமெரிக்காவின் கண்டனமும் சரிதான். சிகாகோ உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பின்படி, ஆளில்லா பலூன் பிற நாட்டு வான்வெளிக்குள் மிதந்து செல்லக்கூடும் என்று திட்டமிடும்போதே தெரிந்தால், ஏவுவதற்கு முன்பே அந்நாட்டின் அனுமதியைப் பெற வேண்டும். வானிலைக்கு மட்டுமே பயன்படும் சிறு பலூன்களுக்குத்தான் விலக்கு. ஏறத்தாழ 200 அடி உயரமுள்ள இதைச் சிறியது என்று எவர் சொல்வார்?

தெற்குவாசல்:
அனுமதி பெறாதது தவறு என்று ஏற்கிறேன். ஆனால் அனுமதி இல்லாவிட்டால் ஏவுகணையால் சுடலாம் என்று அந்தப் பின்னிணைப்பில் எங்கே இருக்கிறது? அந்த வரியை நீங்கள் எடுத்துக்காட்டும்வரை என் கருத்து மாறாது.