தரங்கம்பாடி ராஜா வீதியில் எதற்கு இரண்டு பழைய தேவாலயங்கள்?

சீர்காழி அம்மா:
போன வாரம் காரைக்காலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் தரங்கம்பாடியில் இறங்கினோம். ஒரு மணி நேரம்கூட இருக்கவில்லை. வளைவு வாசலுக்குள் நுழைந்து ராஜா வீதியில் நடந்து கோட்டை வரைக்கும் போய் வந்தோம், அவ்வளவுதான். ஒன்பதாவது படிக்கும் மகள் கேட்டாள், "ஏம்மா, இத்தனூண்டு ஊர்ல பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பழைய சர்ச் எதுக்கு?" ஒன்று 1701, இன்னொன்று 1718. பதினேழு வருஷத்துக்குள் அதே தெருவில் இன்னொன்று ஏன் கட்ட வேண்டும்? எனக்குப் பதில் தெரியவில்லை. அரையாண்டு லீவில் மறுபடி கூட்டிப்போகப் போகிறேன். தெரிந்தவர்கள் சொன்னால் அவளுக்குச் சரியாகச் சொல்லிக்கொடுப்பேன். அப்புறம், சில பழைய சுவர்களில் அடிப்பக்கம் மட்டும் இடுப்பளவுக்குப் பொரிந்து உதிர்கிறதே, அது ஏன்?

பொறையார்க்காரன்:
அக்கா, நான் பொறையாரில் பிறந்து வளர்ந்தவன். தரங்கம்பாடிக் கடற்கரைக்குச் சைக்கிளில் போய்த்தான் பள்ளி நாட்களைக் கழித்தேன்.

1620ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் வந்தார்கள். ஓவ் கெட்டே என்ற கப்பல் தளபதிதான் தலைமை. வந்ததும் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். ஆளுநர், பாதிரியார், கிடங்கு, சிறை எல்லாம் அதற்குள்ளேயே. அவர்கள் வந்தது மிளகு வாங்கி விற்க. ஊர் மக்களுக்கு மதம் சொல்லும் எண்ணமெல்லாம் அவர்களை அனுப்பிய டேனிஷ் வணிகக் கம்பெனிக்குக் கிடையாது. 1701ல் கட்டிய சீயோன் தேவாலயம் அந்த டேனிஷ்காரர்கள் கும்பிடுவதற்கு.

மதம் பரப்ப வந்த பாதிரியார்கள் சீகன்பால்கும் புளூட்சௌவும் 1706 ஜூலையில் வந்து இறங்கினார்கள். இரண்டு பேரும் ஜெர்மானியர்கள், அனுப்பியது டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக். தமிழ் படித்தார்கள், தமிழில் பிரசங்கம் செய்தார்கள். வந்த மறு வருஷமே, 1707ல், தமிழ்ச் சபைக்கென்று ஒரு சின்னக் கோயிலைக் கட்டிவிட்டார்கள். ஆளுநர் ஹாசியஸுக்கு இது பிடிக்கவே இல்லை. 1708 கடைசியில் சீகன்பால்கைப் பிடித்து அதே கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார். கோட்டைக்குப் போகும்போது மகளிடம் இதைச் சொல்லுங்கள், அந்த இருட்டுக் கீழ்த்தள அறைகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

அந்தச் சின்னக் கோயில் போதாமல் போய்த்தான் 1718ல் புதிய எருசலேம் தேவாலயம் வந்தது. வாசல் பக்கத்து முகப்பில் அரசருடைய கிரீடம் வைத்த எழுத்து முத்திரையும் 1718 என்ற வருஷமும் இருக்கும், நிமிர்ந்து பாருங்கள். உள்ளூர் ஆளுநர் எதிர்த்த வேலைக்கு அரசர் முத்திரை! அடுத்த வருஷம் பிப்ரவரியிலேயே சீகன்பால்க் இறந்துவிட்டார், வயது 36தான். பீடத்துக்கு அருகிலேயே அடக்கம் செய்திருக்கிறார்கள். கூட வேலை பார்த்த குருண்ட்லரும் அதற்கு அடுத்த வருஷம் போய் அங்கேயே அடங்கினார்.

ஆக, ஒன்று வெள்ளைக்காரர்களுக்கு, ஒன்று எல்லோருக்கும். இன்றைக்கும் இரண்டிலும் ஆராதனை நடக்கிறது. சீயோன் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), எருசலேம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை.

ஓய்வு பெற்ற வாத்தியார்:
தம்பி நன்றாகச் சொன்னார், ஆனால் "எல்லோருக்கும்" என்பதோடு விட்டுவிட முடியாது. எருசலேம் தேவாலயத்தைச் சிலுவை வடிவில் கட்டினார்கள். உள்ளே வெள்ளாளக் கிறிஸ்தவர்களுக்குத் தனி இடம், பறையர் கிறிஸ்தவர்களுக்குத் தனி இடம் என்று உட்காரவைத்த காலம் இருந்தது. பல தலைமுறைக்கு அந்தச் சண்டை ஓயவில்லை. பிள்ளைக்கு இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் அம்மா, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்கு இது நன்றாகப் புரியும். அதே சபைதான் 1733ல் ஆரோன் என்ற கடலூர்க்காரரைப் பாதிரியாராக்கியது, புராட்டஸ்டண்ட் சபையில் அந்த இடத்துக்கு வந்த முதல் தமிழர் அவர். இரண்டும் சேர்ந்ததுதான் அந்தச் சுவர்களின் கதை.

தேவாலயங்களோடு திரும்பிவிடாதீர்கள். கோட்டைக்கு எதிரே மைதானத்தைப் பார்த்தபடி தூண் வரிசையோடு நிற்கிற ஆளுநர் பங்களாவைப் பாருங்கள். 1784 வாக்கில்தான் ஆளுநர் கோட்டையை விட்டு வெளியே வந்து அங்கே குடியேறினார். நூற்றறுபது வருஷம் மதிலுக்குள் இருந்தவர்கள் காற்றோட்டமாகத் தாழ்வாரம் வைத்து வீடு கட்டிக்கொள்ளும் அளவுக்குத் தைரியம் வந்த காலம் அது. நீங்கள் நுழைந்த வாசல் 1792ல் திரும்பக் கட்டியது.

அப்புறம் எல்லாம் சரிந்தது. 1845ல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டார்கள். கொஞ்ச காலம் கலெக்டர் இங்கே இருந்தார். 1860ல் அந்த அலுவலகமும் தஞ்சாவூருக்குப் போனது, மறு வருஷம் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது, கப்பல்கள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. என்னைக் கேட்டால் பழைய தெருக்கள் இடிபடாமல் மிஞ்சியதற்கு அதுவே காரணம். இடித்துப் புதிதாகக் கட்ட ஊரில் பணம் இல்லை.

சுண்ணாம்பு வேலை:
சுவர் பொரிவதைக் கேட்டீர்களே, அதற்கு நான் சொல்கிறேன். பழைய கட்டடம் புதுப்பிக்கிற வேலைதான் எனக்குச் சோறு.

அந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். கடலோரத்தில் நிலத்து ஈரம் உப்போடு சேர்ந்து சுவரில் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு என்றால் அந்த ஈரம் பூச்சின் வழியாகவே வெளியே போய்க் காய்ந்துவிடும், உப்பு பூச்சில் பூத்துப் பூச்சு மட்டும் உதிரும். அதைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசினால் முடிந்தது. பழைய ஆட்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை இதைச் செய்தே வந்தார்கள். சிமெண்ட் பூசினால்தான் ஆபத்து. ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளே தங்கி, உப்பு செங்கல்லுக்குள்ளேயே பூத்து, செங்கல்லே மாவாகிவிடும். பூச்சைத் தட்டிப் பார்த்தால் டொக்கு டொக்கு என்று வெற்றுச் சத்தம் வரும்.

எங்கள் பாட்டி வீட்டில் இதுதான் நடந்தது. நல்ல சுண்ணாம்புச் சுவர், ஒரு கொத்தனார் "உறுதியா இருக்கும்" என்று சொல்லி இடுப்பளவுக்குச் சிமெண்ட் அடித்தார். நாலே வருஷம். பூச்சு பாளம் பாளமாக விழுந்தது, பின்னால் கை வைத்தால் செங்கல் சிவப்புத் தூளாகக் கொட்டியது. அந்தத் தூளைக் கையில் பிடித்த அன்றைக்குத்தான் நான் இந்த வேலைக்கு வருவதென்று முடிவு செய்தேன்.

நல்ல பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுக் குழைப்போம். 2004 சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடியில் பல வீடுகளையும், டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் உதவியோடு ஆளுநர் பங்களாவையும் புதுப்பித்தார்கள். பங்களாச் சுவரைக் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். சிமெண்ட் மாதிரி சொரசொரப்பாக இருக்காது.

பொறையார்க்காரன்:
வாத்தியார் சார் சொன்னது சரி, "எல்லோருக்கும்" என்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். இன்னொன்று, மாசிலாமணி நாதர் கோயிலை விட்டுவிடாதீர்கள் அக்கா. 1306ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது, டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்னால். முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. கல்வெட்டில் ஊர்ப் பெயர் சடங்கன்பாடி. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்.

சீர்காழி அம்மா:
எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய் வந்தோம், அதான் இவ்வளவு தாமதமாக எழுதுகிறேன். தேவாலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை எருசலேம் தேவாலயத்தைத் திறந்து காட்டினார். மகள் பீடத்துப் பக்கம் போய் ரொம்ப நேரம் நின்றாள், பிறகு சிலுவையின் நாலு கைகளிலும் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்து பார்த்தாள், எங்கிருந்து பிரசங்க மேடை தெரிகிறது என்று. நான் எதுவும் சொல்லவில்லை. சீயோனுக்கும் போனோம். பங்களாச் சுவரைத் தடவிப் பார்த்தோம், உள்ளங்கையில் லேசாக வெள்ளை ஒட்டியது.

அப்பாவும் வந்திருந்தார். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு ரயில் ஓடிய காலத்தில் அதில் வந்தவர். 1986ல் அந்தப் பாதையை மூடிவிட்டார்களாம். பழைய ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டே வந்தார், வெயில் ஏறிவிட்டதால் திரும்பிவிட்டோம். இடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பொங்கலுக்கு மறுபடி கூட்டிப்போக வேண்டும்.