முக்குளிப்பான் ஒன்பது

நான்: நம் குடும்பக் குழுவில் எல்லோருக்கும் வணக்கம். உயிரோடுதான் இருக்கிறேன்.

பெரியப்பா: வாடே. தை பிறந்து ஒரு வாரம் ஆச்சு, இப்போதான் வழி தெரிந்ததா?

சித்தி: பொங்கலுக்கும் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. உனக்கென்று எடுத்து வைத்த பனங்கிழங்கை எலி தின்றுவிட்டது.

நான்: திட்டாதீங்க சித்தி. கார்த்திகையிலிருந்து இரவு ஷிப்டு. காலை ஏழு மணிக்கு அறைக்கு வந்து படுத்தால், நான் முழிக்கிற நேரத்தில் நீங்களெல்லாம் இரவு வணக்கம் படம் போட ஆரம்பித்திருப்பீர்கள். அதோடு போன் வேறு பக்கெட் தண்ணீரில் விழுந்துவிட்டது. மூன்று நாள் அரிசிக்குள் புதைத்து வைத்துக் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அரிசியையாவது பொங்கிச் சாப்பிடுங்க” என்றார். புதுப் போன் நேற்றுதான் வந்தது. இந்த வாரத்திலிருந்து பகல் ஷிப்டு.

மதினி: ராத்திரி முழுக்க தூங்காமல் எப்படித் தம்பி?

நான்: இடைவேளையில் கம்பெனி கணினியில் விக்கிமூலம் என்ற இணைய நூலகம் மதினி. பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். எழுத்தைப் படித்துக் கொடுக்கிற மென்பொருள் துணைக்காலையும் ரகரத்தையும் குழப்பிவிடும், நாம் திருத்த வேண்டும். ஒரு டீக்கு ஒரு பக்கம்.

மதினி: இங்கே மாமா உங்களுக்கு மேல். விடிந்தால் குளத்தங்கரையில் பைனாகுலரோடு நிற்கிறார்கள். ஆடு காணாமல் போய்விட்டதா என்று ஊரே கேட்கிறது.

பெரியப்பா: சும்மா நிற்கவில்லை தாயி. இபேர்டு என்ற செயலியில் பறவைப் பட்டியல் போடுகிறேன். ஒரு இடத்தில் கால்மணி நேரமாவது நின்று, கண்ணில் பட்டது, காதில் விழுந்தது எல்லாவற்றையும் எண்ணி எழுத வேண்டும். காக்கைதானே என்று விட்டால் அது முழுப் பட்டியல் ஆகாது. சனிக்கிழமை கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போயிருந்தேன். வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வந்து, நம்மூர் வாத்து மாதிரி கரையில் புல் மேய்ந்துகொண்டிருக்கிறது! ஊருக்குள் வீட்டு வாசல் மரத்திலேயே நாரைக் கூடு. கீழே தரையெல்லாம் எச்சம், சுண்ணாம்பு அடித்த மாதிரி. யாரும் முகம் சுளிக்கவில்லை. பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடிகூடப் போடமாட்டார்களாம். குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம் என்று ஒரு பாட்டி சொன்னாள்.

சித்தி: முதல் நாள் கதையையும் சொல்லுங்க அத்தான்.

பெரியப்பா: அது எதற்கு இப்போ.

சித்தி: நான் சொல்கிறேன். முக்குளிப்பான் ஒன்பது என்று எழுதியிருக்கிறார்கள். ஆடு மேய்க்கிற பையன் வந்து, “தாத்தா, அது ஒண்ணுதான், முங்கி முங்கி எழும்புது” என்றானாம்.

நான்: ஐயோ பெரியப்பா!

பெரியப்பா: உடனே திருத்திவிட்டேன். அது இங்கே முங்கினால் பத்தடி தள்ளி எழுந்திருக்கிறது, நான் என்ன செய்ய?

சித்தி: இவனும் அந்த ஜாதிதான். கார்த்திகையில் முங்கித் தையில் தலையைக் காட்டுகிறான்.

மதினி: தம்பி, ஞாயிற்றுக்கிழமை பாப்பாவுக்குச் சிறுவீட்டுப் பொங்கல். அவள் பொங்கல் வைக்க முற்றத்தில் களிமண்ணில் சின்ன வீடு கட்டியாச்சு, அடுப்புக்குக் குமிழ்கூட அவளே பிடித்து வைத்தாள். மார்கழியில் வாசலில் பூசணிப்பூ வைத்த சாணியெல்லாம் எருவாகக் காய்ந்து அடுக்கி இருக்கிறது. சாயங்காலம் அதை ஆற்றில் விடத் தாத்தா வரவேண்டுமாம். சித்தப்பாவும் வரணுமாம், சொல்லச் சொன்னாள்.

நான்: வருகிறேன் மதினி. சனி காலை வந்து சேருவேன்.

பெரியப்பா: அப்போ ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்குக் குளத்துக்குப் போவோம்.

சித்தி: பிள்ளையைத் தூங்க விடுங்க அத்தான்.

நான்: சித்தி, பனங்கிழங்கு மிச்சம் ஏதாவது இருக்கா?

சித்தி: எலியிடம் கேட்டுச் சொல்கிறேன்.